போனை எடுத்த துரை

ராயபுரத்தில் கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் ஆபீசில் எனக்கு வேலை. வாசலில் 'ரஷீது அண்ட் சன்ஸ்' என்று போர்டு இருக்கும். ரஷீது பாய்க்குப் பிள்ளைகள் மூன்றும் பெண்கள். கேட்டால், "சன்ஸுன்னு போட்டாதாம்மா பார்ட்டி நம்புவான்" என்பார். அந்த ஆபீஸ் எப்படிப்பட்டது என்று இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கப்பல் ஹார்பருக்குள் வந்து கட்டியதும் அதற்கு வேண்டிய அரிசி, வெங்காயம், கோழி, முட்டை, சோப்பு, பெயிண்டு எல்லாம் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். வெங்காயத்துக்குக் கோயம்பேட்டில் சண்டை போடுவது நான். முட்டையை உடையாமல் கட்டச் சொல்லிக் கத்துவது நான். எந்தக் கப்பலில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அதில் யார் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கப்பலிலும் நான் கால் வைத்தது கிடையாது. ஏறுவது பாயின் மச்சான் சுஃபியான். மடிப்புக் கலையாத சட்டையில் போவான், சாக்லேட்டைத் தின்றுகொண்டே திரும்பி வருவான், "கேப்டன் என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு" என்று ஆரம்பிப்பான். எனக்கு வயிறு எரியும்.

என் பேரிலும் ஒரு ஹார்பர் பாஸ் இருந்தது. வருஷா வருஷம் அதைப் புதுப்பித்து டிராயரில் போட்டுப் பூட்டுவார் பாய். "ஏணி ஆடும்மா மதி. கீழ தண்ணி. நீ வுழுந்துட்டா புளியந்தோப்புல உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" சுஃபியான் விழுந்தால் அவர் தன் பெண்டாட்டிக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலையே இல்லை.

இதெல்லாம் இரண்டாயிரத்து இரண்டில். அந்த வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் கப்பல் ஏஜெண்டுகள் ஒவ்வொருவராக ஃபேக்ஸை விட்டுவிட்டு மெயிலுக்கு மாறினார்கள். காலையில் மெயில் வரும், முதலில் விலை சொல்கிறவனுக்குக் கப்பல். நாங்கள் டோல்கேட்டில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் பஸ் பிடித்துப் போய் மெயிலைத் திறப்பதற்குள் வேறு எவனாவது வெங்காயத்தை ஏற்றிவிட்டு வீட்டுக்கே போயிருப்பான்.

ஆபீஸ் போனிலேயே மோடம் மாட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் இன்டர்நெட் ஓடும்போது போன் எங்கேஜ்டாகிவிடும். எங்கள் தொழிலுக்கு அது ஆகவே ஆகாது. காரணம் வேலப்பண்ணன்.

வேலப்பண்ணன் ஹார்பரில் கயிறு கட்டும் கேங்குக்கு மேஸ்திரி. வருகிற கப்பலைக் கரையில் கட்டுவதும், போகிற கப்பலை அவிழ்த்துவிடுவதும் அவருடைய ஆட்கள். எங்கள் கப்பல் வெளியே வந்து நின்றால், கேண்டீன் பக்கத்துக் காயின் போனிலிருந்து ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். கட்டி முடித்துவிட்டால் இரண்டு ரிங். அப்படியென்றால் வேனை அனுப்பு என்று அர்த்தம். அவசரம் என்றால் மூன்று. எடுத்துப் பேசினால்தான் காசை முழுங்கும், எடுக்காவிட்டால் காசு கீழே வந்து விழுந்துவிடும். அதனால் எங்கள் ஆபீசில் மணி அடித்தால் யாரும் போனைப் பார்த்துப் பாயமாட்டோம். பேச்சை நிறுத்திவிட்டு எண்ணுவோம். நாலாவது மணியும் அடித்தால்தான் அது யாரோ பேசக் கூப்பிடுவது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது பெரிய குறை. நீங்கள் போனை எடுப்பதற்குள் எங்களுக்கு வயசாகிவிடுகிறது என்று பாயை இங்கிலீஷில் திட்டுவார்கள். பாய் "எஸ் சார், எஸ் சார்" என்று சிரிப்பார்.

ஐஎஸ்டிஎன் என்று ஒரு லைன் இருக்கிறது, ஒரே ஒயரில் இரண்டு பாதை, ஒன்றில் இன்டர்நெட் ஓடும்போதே இன்னொன்றில் போன் வரும் என்று எனக்குச் சொன்னவன் ஜோபின். கம்ப்யூட்டர் படித்தவன். பக்கத்துத் தெரு மாதா கோயிலில் கிடார் வாசிப்பான். நான் அதைப் பாயிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"ஒரே ஒயர்ல ரெண்டு பாதையா? நடுவுல முட்டிக்காது?"

"முட்டிக்காது பாய்."

"கம்ப்யூட்டருக்கு வேற தண்டம் அழுவணுமே."

"ஜோபின் பழசு ஒண்ணு வெச்சிருக்கான். அதுல லினக்ஸ்னு ஒண்ணு போட்டுத் தரேன்றான். அது ஃப்ரீ."

"ஃப்ரீயா? அப்ப அதுல இன்னா கோளாறு கீது?"

நான் விடவில்லை. டீ வாங்கி வந்தாலும் அதே பேச்சு, ரசீது எழுதினாலும் அதே பேச்சு. கடைசியில் ஒரு நாள் பாய்க்குக் காது வலித்துவிட்டது. "சரி, வுடு. மாட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இந்தப் பொட்டிய வெச்சு ஒரு கப்பலப் புடி. புடிச்சேன்னா அந்தக் கப்பல்ல நீயே ஏறு. ஏணியாவது கூணியாவது, நான் வாயத் தொறக்கல."

பாய் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் நிஜமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சுஃபியானுடைய முகம் போன போக்கைப் பார்த்தால் அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

லைன் வந்தது. சுவரில் ஒரு வெள்ளை டப்பாவை மாட்டிவிட்டுப் போனார்கள். ஜோபின் கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். அதைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு மூலையில் பென்குயின் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கீழே எழுத்து எழுத்தாக ஓடும். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "இந்த வாத்து எதுக்குப்பா?" என்றார். ஜோபின் அது வாத்து இல்லை என்று விளக்கம் கொடுத்தான். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வாத்து இன்னா சொல்லுது, லைன் கீதா இல்லியா?" என்றார்.

லைன் இல்லை. லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க ரிச்சி தெருவில் வாங்கிய கார்டை உள்ளே சொருகினால் வாத்து அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்ன ஜாதி கார்டு என்று ஒரு நம்பர் சொல்ல வேண்டுமாம். ஜோபின் ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் மாட்டேன் என்றது. அடுத்த நாளும் மாட்டேன் என்றது. கார்டு டப்பாவில் இருந்த தாளில் எல்லாமே ஜெர்மன். ஜோபின் இன்டர்நெட்டிலிருந்து இறக்கி வைத்திருந்த குறிப்பிலும் பாதி ஜெர்மன். இந்த வித்தையை ஆரம்பித்து வைத்தவர்களே ஜெர்மன்காரர்கள்தானாம். அதை இவன் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நல்ல காலம், அந்த வாரம் ஜெர்மன் இன்ஜினியர் இருக்கும் கப்பல் ஒன்று ஹார்பரில் நின்றது. "தாளைக் குடுங்க பாய், நான் போய்க் கேட்டுகினு வரேன்" என்றேன். பாய் பழையபடி ஏணி, தண்ணி, புளியந்தோப்பு என்று ஆரம்பித்தார். சுஃபியான் தாளோடு போனான். சாயங்காலம் கை நிறைய சாக்லேட்டோடு வந்தான்.

"தாள் எங்க?"

"இன்ஜினியருக்கு ஷோக்கான மனசு. ரொம்ப நேரம் பேசினாரு."

"தாள் எங்கன்னு கேட்டேன்."

தாளைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். கப்பல் அன்றே மலேசியாவுக்குப் போய்விட்டது. நான் அவனை என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. எழுதினால் எங்கம்மா படிப்பாள்.

அப்புறம் ஜோபின் தானாகவே கார்டின் நம்பரைக் கண்டுபிடித்தான். வாத்து கார்டை ஒப்புக்கொண்டது, ஆனால் லைன் பிடிக்கவில்லை. உன்னுடைய நம்பர் என்ன என்று கேட்கிற இடத்தில் ஆபீஸ் நம்பரைக் கொடுக்க வேண்டும். பாய் வாசல் போர்டில் எழுதியிருந்தபடி சென்னையின் எஸ்டிடி நம்பரான சைபர் நாற்பத்து நாலையும் சேர்த்துச் சொல்லியிருந்தார், ஜோபின் அப்படியே அடித்திருந்தான். ராயபுரத்து லைனுக்கு ராயபுரத்து நம்பர் மட்டும் போதும் என்று கடைசியில்தான் அவனுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அந்த மூன்று எண்ணையும் எடுத்தான். வெள்ளை டப்பாவில் விளக்கு எரிந்தது. சத்தமில்லை, கூச்சலில்லை, மோடம் மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்தவும் இல்லை. ஒரு நொடியில் இன்டர்நெட் வந்துவிட்டது. நான் மெயிலைத் திறந்தபோது அதே நேரத்தில் போனும் அடித்தது, எடுத்தால் பாயின் வீட்டிலிருந்து பேசினார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாய் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார், போர்டில் சைபர் நாற்பத்து நாலு இருப்பது தப்பா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அத்தோடு ஜோபின் கையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? "அக்கா, ஆபீஸ்ல ஆள் இல்லேன்னா இதுவே போன எடுத்துப் பேசும். வரவன் பேசறத புடிச்சும் வெச்சுக்கும். போட்டுத் தரேன்" என்றான். நான் அப்போது முட்டைக்காரரோடு வாசலில் சண்டையில் இருந்தேன். அவன் பாயிடம் போய், "எத்தன ரிங்குக்கு அப்பால எடுக்கணும் பாய்?" என்று கேட்டிருக்கிறான்.

பாய்க்குச் சிங்கப்பூர் திட்டெல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது. "மொத ரிங்குலயே எடுக்கணும். ரெண்டாவது ரிங் அடிக்கவே வுடக் கூடாது. எவன் கூப்ட்டாலும் ஒடனே எடுக்குதுப்பா நம்ம ஆபீஸுன்னு பேர் வரணும்" என்று சொல்லிவிட்டார். ஏன் நாங்கள் அத்தனை வருஷமாக எடுக்காமல் இருந்தோம் என்பது அந்த நிமிஷத்தில் அந்த மனுஷனுக்கு மறந்தே போய்விட்டது.

ஆள் இருக்கும்போது அதை நிறுத்தி வைக்கவும் ஒரு வழி இருந்ததாம். அதைச் சொல்லித் தராமல் ஜோபின் மறுநாள் விடியற்காலை காவி வேட்டி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை கிளம்பிவிட்டான். வருஷா வருஷம் போகிறவன்தான். செல்போன் கிடையாது. எந்த ஊர்ச் சாலையில் எந்தப் புளிய மரத்தடியில் படுத்திருப்பான் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

அவன் போன அன்றைக்கே மெயில் வந்தது. 'ஓரியன் டெய்சி' என்று ஒரு கப்பல். மறுநாள் காலையில் கட்டும், சாயங்காலம் கிளம்பிவிடும், அதற்குள் இத்தனை சாமானும் ஏற வேண்டும், விலை சொல். நான் அதே மூச்சில் விலை போட்டு அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. 'டியர் மிஸ்டர் மதி, கப்பல் உங்களுக்கு.'

"பாய், கப்பல் வுழுந்துச்சு" என்றேன். பாய் மெயிலை மூன்று முறை படித்தார். பிறகு டிராயரைத் திறந்து என் பாஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் இருந்த என் போட்டோவுக்கு இன்னும் காலேஜ் முகம். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். எங்கம்மா யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் எல்லாம் தயார். வேனில் பாதிச் சாமான் ஏறியாகிவிட்டது. ஐஸில் வைத்த கோழியையும் காய்கறியையும் கடைசியில் ஏற்றுவதாக இருந்தோம். வேலப்பண்ணன் ரிங் விட வேண்டியதுதான் பாக்கி. கப்பல் சொன்ன நேரத்துக்கு வருவது அபூர்வம். ரிங் வராமல் வேனை அனுப்பினால் ஹார்பர் கேட் வெயிலில் நின்று கோழி நாறிவிடும். ஒரு தடவை அப்படி நாறி, அந்த வேனை மூன்று நாள் கழுவினோம். அதனால் காத்திருந்தோம்.

நான் ஒரு பக்கம். பாய் ஒரு பக்கம். என்னால் முடியாமல் போனால் தான் ஏறலாம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுஃபியான் ஒரு பக்கம்.

போன் ஒரு தடவை 'ட்ர்' என்றது. பாதி மணிகூட இல்லை. எண்ணக் காதைத் தீட்டினோம், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு 'ட்ர்'. பிறகு வரிசையாக.

"லைன டெஸ்ட் பண்றாங்கோ. புது லைன் இல்ல" என்றார் பாய்.

வெயில் ஏறியது. கீரை வாடியது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் போனது, நான் சாப்பிடவில்லை. சுஃபியான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, "கப்பல் வரலியோ இன்னாவோ. வாத்து மெயிலு, நம்ப முடியுமா?" என்றான். நான் வாயைத் திறந்திருந்தால் பிரியாணி தரையில் இருந்திருக்கும்.

அப்போதுதான் வேலப்பண்ணன் வந்தார். சைக்கிளில், வியர்வையில் குளித்து, கண் சிவந்து. இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் ஆபீஸ் வாசற்படி மிதித்தது அதுவே முதல் தடவை.

"யாரு அவன்?" என்றார்.

"யாருண்ணா?"

"டபாய்க்காத தங்கச்சி. போன எடுக்கறானே ஒரு தொர. அவன வெளிய வரச் சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். துரையா? வேலப்பண்ணன் ஆபீஸ் முழுக்கக் கண்ணை ஓட்டினார். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். "காலைல புட்ச்சு அடிக்கிறேன், காலைல புட்ச்சு. அடிச்ச ஒடனே தொர எடுத்துடறான். இங்கிலீஷ்ல பேசறான். காசு உள்ள போயிடுது. நானும் சாரி சார், ராங் நம்பருன்னு எத்தினி வாட்டி சொல்றது? உங்களுக்கு வேல செஞ்சதுக்கு இதுவா மருவாத? தொர வெச்சிருக்கீங்கன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"இங்க எந்தத் தொரையும் இல்லண்ணா."

அவர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த போனில் எங்கள் நம்பரை அடித்து ரிசீவரை என் காதில் வைத்தார். மணியே அடிக்கவில்லை. "ஹலோ" என்றது ஒரு குரல். ரஷீது அண்ட் சன்ஸுக்கு வரவேற்பதாகவும், சத்தம் கேட்டதும் செய்தியைச் சொல்லலாம் என்றும் மூக்கால் இங்கிலீஷ் பேசியது. ஜோபின். மாதா கோயிலில் வாசகம் படிக்கும்போது வைத்துக்கொள்வானே, அதே குரல்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திரும்ப ஓடி வந்து கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். பிடித்து வைத்ததெல்லாம் அங்கே ஒரு மூலையில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பாட விட்டேன். முதலில் வேலப்பண்ணன் பயபக்தியோடு, "வணக்கம் சார். ராங் நம்பர் சார், மன்ச்சுக்கோ" என்றார். அடுத்தது, "சார், நான் சும்மா மணிதான் அடிக்கணும். நீ எடுக்காத சார். எடுக்காம இருந்தீன்னா அதான் சேதி." அதற்கடுத்து நீண்ட மூச்சு. "இத பார் சார். கப்பலு கட்டியாச்சு. நான் அத உங்கையில சொல்லக் கூடாது. ரெண்டு வாட்டி மணி அடிச்சுதான் சொல்லணும். உனுக்கு இன்னா பேஜாரு?" கடைசியில், "யோவ், ஊர வுட்டு ஊரு வந்து எங்க பொயப்புல ஏன்யா மண்ணப் போடற?"

சுஃபியான் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாயும் சிரிக்க ஆரம்பித்தார். கப்பல் கட்டியாகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது, சிரிப்பு பாதியில் நின்றது.

"ஐயோ, எப்பக் கெளம்புது?" என்றேன்.

"கப்பல வெளிய ஓட்டிகினு போற பைலட் ஏறினா கெளம்ப வேண்டியதுதான். இந்நேரம் ஏறிகினு இருப்பான்" என்றார் வேலப்பண்ணன்.

நான் கத்திக்கொண்டே கோழியை ஏற்றச் சொன்னேன். அப்போது பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சுஃபியான், நீ ஓடு. மதிமா, கோச்சுக்காத. இப்ப அவசரம். அவனுக்கு வழி தெரியும், ஏணி தெரியும். நீ அடுத்த கப்பல்ல ஏறு."

சுஃபியான் அதற்குள் வேன் பக்கம் நகர்ந்துவிட்டான். எனக்குக் கண் முன்னே அந்தக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கப்பல் என்று ஒன்று வராது, எனக்குத் தெரியும். அடுத்த கப்பலுக்கும் அவசரம் வரும், அதற்கடுத்ததற்கும் ஏணி ஆடும். நான் ஓடிப்போய் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எறங்குமா" என்றார் பாய்.

"பாய், மொத ரிங்குலயே எடுக்கணும்னு ஜோபினுக்கு யாரு சொன்னது?"

பாய் வாசல் போர்டைப் பார்த்தார்.

"கப்பல நான் புடிச்சேன். மெயிலுக்குப் பதில் போட்டது நானு. வெங்காயம் வாங்கினது நானு. இந்த எடத்த வுட்டு நான் எறங்க மாட்டேன். வேணும்னா என்ன வேலைய வுட்டு நிறுத்துங்க, அத சாயங்காலம் பேசிக்கலாம்."

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனின் பின்பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஏறினார். "நீயும் ஏறுடா, மூட்டை எறக்கணும்" என்று சுஃபியானையும் இழுத்துக்கொண்டார். புதுச் சட்டையோடு அவன் கோழிப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

வேலப்பண்ணனைக் காணோம். எட்டிப் பார்த்தால் எதிர்க் கடையில் நின்று நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கப்பல் போயிடும். ஜல்தி வாங்கண்ணா."

அவர் டீயை ஒரு ஆற்று ஆற்றினார். "எங்க போவும்? கயிறு அங்க கீது. அவுக்கற ஆளு நான் இங்க கீறேன். நான் இல்லாம அது எங்க தங்கச்சி போவும்?"

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அவர் டீயை முடித்து, கிளாசை வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை முட்டைக்கோஸ் மூட்டைமேல் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினார்.

ஹார்பர் கேட்டில் என் பாஸைப் பார்த்த காவலர் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போகச் சொன்னார். உள்ளே போனோம். ஓரியன் டெய்சி நின்றது. பெரியது. அவ்வளவுதான் சொல்வேன். மேலே கப்பல்காரர்கள் அங்குமிங்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். பைலட் ஏறிவிட்டார். கீழே வேலப்பண்ணனுடைய ஆட்கள் கயிறு மாட்டிய இரும்புத் தூண்களுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மேலேயிருந்து ஒரு அதிகாரி கையை ஆட்டி அவிழ்க்கச் சொன்னார். வேலப்பண்ணன் வேனிலிருந்து இறங்கி அந்த ஆளுக்கு ஒரு சலாம் வைத்தார். "டீ வரல சார். டீ சாப்ட்டு அவுக்கறோம்" என்றார். அங்கே யாருக்கும் தமிழ் புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. கப்பலின் கிரேன் ஒரு வலையை இறக்கியது. பாயும் சுஃபியானும் மூட்டைகளை அதில் போட்டார்கள்.

நான் ஏணியில் கால் வைத்தேன். பாய் சொன்னது பொய்யில்லை, ஆடத்தான் செய்தது. கீழே தண்ணீரும் இருந்தது, கறுப்பாக, கலீஜாக. கையில் பில். இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதியில் காலை எடுக்க முடியவில்லை. "பாத்துமா" என்று பாய் அலறியது கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீதி ஏணியைக் கோபத்திலேயே ஏறினேன்.

மேலே சமையல்காரர் நின்றிருந்தார், பிலிப்பைன்ஸ்காரர். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. "மிஸ்டர் மதி?" என்றார். "நான்தான்" என்றேன், தமிழிலேயே. அவர் சிரித்தார். வெங்காயத்தைக் கையில் எடுத்துப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று தலையாட்டினார். பில்லில் கையெழுத்துப் போட்டார். ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை. சுஃபியான் இதற்குத்தான் அத்தனை வருஷம் அத்தனை கதை விட்டிருக்கிறான்.

இறங்கிவிட வேண்டியதுதான். ஆனால் கம்பியோரம் வந்து கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன், பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். ராயபுரம் முழுக்கத் தெரிந்தது. நான் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிற தெருக்கள், மாதா கோயில் கோபுரம், பள்ளிவாசல், காசிமேட்டுப் படகுகள், வடக்கே தள்ளி எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். எங்கள் ஆபீஸ் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. வெயில் சாய்ந்து எல்லாம் மஞ்சளாக, அழகாக இருந்தது. இந்த ஊர் இவ்வளவு அழகு என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவன் சுஃபியான் ஒருத்தன்தான், அவன் சாக்லேட்டைப் பற்றித்தான் பேசினான். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அழுதேன்.

கீழே பாய் இரண்டு கையையும் ஆட்டி இறங்கு இறங்கு என்றார். மேலே அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். நடுவில் வேலப்பண்ணன் கயிற்றின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"போதுமா தங்கச்சி? அவுக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம்ணா."

அவர் காலை எடுத்துவிட்டுத் தூண்மேல் உட்கார்ந்துகொண்டார்.